கோணிப்பையில் முளைத்த வெந்தயம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர்கள், அணை கட்டிய அனுபவத்தை எழுதுங்கள் என்றார்கள். நான் வெந்தயக்கீரையைப் பற்றி எழுதப்போகிறேன். அணையைப் பற்றி வேண்டுமென்றால் நூலகத்தில் தடிதடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். மண்ணை எவ்வளவு இறுக்க வேண்டும், சரிவு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் ஒழுங்காகச் சொல்லியிருக்கும். தீபாவளியன்று புதுச்சட்டையோடு சேற்றில் நிற்கும்போது என்ன செய்வது என்று மட்டும் எதிலும் சொல்லியிருக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நாடும் புதிது, நானும் வேலைக்குப் புதிது. எங்கள் தீவு நாட்டின் வடக்கே, காட்டை ஒட்டியிருந்த ஒரு பழைய அணையை உயர்த்தி நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர்ப் பங்கீட்டின்போது தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். ஆகவே அணை உயர வேண்டும், சீக்கிரம் உயர வேண்டும் என்பதில் தேக்கா சந்தையில் கீரை விற்கிறவர் முதல் எங்கள் மேலதிகாரி வரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நான் டெக்னிக்கல் அசிஸ்டண்ட். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அணைக்கரைக்கு வேண்டிய மண்ணைப் பக்கத்திலிருந்த ஒரு குன்றிலிருந்து வெட்டி எடுத்தார்கள். அந்தக் குன்று என் பொறுப்பு. எங்கே வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்று காண்டிராக்டர் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டும் கொள்வார், கேட்பதற்கு முன்னாலேயே பாதியை வெட்டியும் விடுவார்.

எங்கள் பெரிய இன்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்லமாட்டேன். பெயரைச் சொல்லி யாராவது புகழ்ந்தால் அவருக்கு ஆகாது. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. சேர்ந்த முதல் வாரத்தில் குன்றை வெட்டும் திட்டத்தை வரைந்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். இரண்டு நிறத்தில் கோடு போட்டு, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி. கீழ ஆர் இருக்கினம்?"

வரைபடத்தைப் பார்த்தேன். குன்றுக்குக் கீழே ஓர் ஓடை, அதற்கப்புறம் கடல் வரைக்கும் வெறும் பச்சை நிறம். சதுப்புக்காடுதான் சார், யாரும் இல்லை என்றேன்.

"அது மாப் சொல்லுறது. நீர் ஒருக்கா நடந்துபோய்ப் பார்த்திட்டு வாரும்."

போனேன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையோடு இறங்கிப்போனால், வரைபடத்தில் பச்சையாக இருந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பமே, அதாவது கிராமமே இருந்தது. ரம்புத்தான் மரங்கள், வாத்துக் கூண்டுகள், வரிசையாக மீன்குளங்கள். ஒரு நாய் என்னைப் பார்த்ததும் நான் அரசாங்க ஆள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு குரைத்தது. குளங்களுக்குச் சொந்தக்காரி ஒரு சீன அம்மா. லிம் குடும்பம். ஊரில் எல்லோரும் அவரை ஆசோ என்றார்கள். சீனர்கள் அண்ணி முறைக்குச் சொல்வது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மீன் வளர்ப்பு முழுக்க ஆசோவின் ராஜ்யம்.

எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் சந்தை மலாய் ஓடியது. அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் குன்று தெரியும். அதில் இயந்திரம் ஏறுவதை அவர் என்றைக்கோ பார்த்துவிட்டார். ஓடைத் தண்ணீர்தான் குளங்களுக்கு வருகிறது, சிவப்புச் சேறு வந்தால் மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும், எல்லாம் சீனப் புத்தாண்டுக்கு விற்க வேண்டிய மீன், அதுதான் தன் குடும்பத்துக்கு வருஷ வருமானம் என்று வரிசையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கெட்டியாகப் பால் ஊற்றிய காப்பி கொடுத்தார். நம்பிக்கை கொடுக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் பெரிய இன்ஜினியர் என்னைக் குன்றுக்கு அழைத்துப்போனார். ஓடைக்கரையை ஒட்டி அடர்த்தியாக நின்ற மரங்களையும் புதரையும் குடை நுனியால் காட்டி, இந்தப் பக்கம் ஒரு கிளைகூட வெட்டக்கூடாது என்றார். மேலிருந்து வரும் சேற்றை அந்தப் புதர் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. காண்டிராக்டர் முகம் சுருங்கிவிட்டது. அவரை நாங்கள் தவுக்கே என்போம். முதலாளி என்று அர்த்தம். அந்த மரங்களை எடுத்துவிட்டால் லாரிகள் நேராகப் போகும், இல்லாவிட்டால் குன்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார். பெரிய இன்ஜினியர், சுற்றிப் போகட்டும், லாரிக்குக் கால் வலிக்காது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வரைபடம் வரைகிறவர் மேலேயிருந்து பார்க்கிறார். சேறு கீழே போகிறது. நீங்கள் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கியிருந்தாலும் ஒரு முறை சேறு போகும் வழியே நடந்து பாருங்கள். சப்பாத்து கெட்டுப்போகும், பரவாயில்லை.

மாதங்கள் ஓடின. தீபாவளி நெருங்கியது. பெரிய இன்ஜினியர் தங்கை மகள் கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கப்பலேறி யாழ்ப்பாணம் போய்விட்டார். போகும்போது என்னிடம், "நான் இல்லாட்டிலும் கேள்வி இருக்கும். கேட்டுக்கொள்ளும்" என்றார். தலைமை அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் குன்று எந்தத் திசையில் இருக்கிறது என்பதே சந்தேகம். ஆக, சின்ன அசிஸ்டண்டாகிய நான் திடீரென்று பெரிய மனிதனாகிவிட்டேன்.

தவுக்கே அதற்காகவே காத்திருந்தார் போலிருக்கிறது. தீபாவளி வாரம் தொடங்கியதும் வந்து நின்றார். வேலையாட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பண்டிகைக்கு எல்லோரும் விடுப்பில் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் குன்றின் மிச்சச் சரிவு முழுவதையும் புல் பூண்டில்லாமல் வழித்துவிட வேண்டும், அப்போதுதான் திரும்பி வந்ததும் நேராக மண் வெட்டலாம் என்றார். அப்படியே அந்த ஓடைக்கரை மரங்களையும், என்று சேர்த்துக்கொண்டார். நான் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சும்மா மாட்டேன் என்று சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. பருவமழை வரப்போகிறது. அணைக்கரை அரைகுறை உயரத்தில் நிற்கிறது. போதுமான உயரத்துக்கு ஏறாமல் பெருமழையில் மாட்டிக்கொண்டால் வெள்ளம் கரையின் மேலேயே ஏறி ஓடும். குன்று மண் என்ன, கரை மண்ணும் சேர்ந்து ஆசோவின் குளங்களில் போய் விழும். மண் வெட்டாமலும் இருக்க முடியாது. குன்றை அம்மணமாக விட்டுவிட்டுப் பண்டிகைக்குப் போகவும் முடியாது. தீபாவளிக்கு மழை வராமல் இருந்த வருஷத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடையை மூடி வைத்துவிட்டுக் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன்: சரிவில் பாதியை மட்டும் வழிக்கலாம், மரங்களைத் தொடக்கூடாது, மழைநீர் இறங்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி முடித்த பிறகுதான் ஆட்கள் விடுப்பில் போகலாம். மூட்டைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால் சேறு அடியில் படியும், தெளிந்தது மட்டும் மேலே வழிந்து போகும். தவுக்கே சிரித்தார். மூட்டைக்குக் கோணிப்பை எங்கே என்றார். சேமிப்புக் கிடங்கில் கேட்டேன். பண்டிகை முடிந்துதான் வரும் என்றார்கள்.

பக்கிரிசாமி அண்ணன் அப்போதுதான் பக்கத்தில் வந்தார். அவர் மண்டோர், அதாவது வேலையாட்களுக்குத் தலைவர். ஆட்கள் முன்னால் என்னை சார் என்பார், தனியே இருந்தால் தம்பி என்பார்.

"கோணிதானே தம்பி? தேக்காவுல இந்த வாரம் கோணிக்கா பஞ்சம்?"

அதுவரை எனக்கு இது உறைக்கவேயில்லை. நான் குடியிருப்பதே தேக்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில்! தீபாவளி வாரம் என்றால் ஊரே முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைக்கிறது. உளுந்தும் பயறும் மல்லியும் மிளகாயும் மூட்டை மூட்டையாகக் காலியாகின்றன. சிராங்கூன் சாலையின் ஒவ்வொரு மளிகைக்கடைக்குப் பின்னாலும் வெறும் கோணி மலைபோல் குவிந்து கிடக்கும். பக்கிரிசாமி அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஆட்கள் யாரும் இன்னும் துணிமணி வாங்கவில்லை. லாரி கொடுத்தால் போய்ப் பண்டிகைச் சாமானும் வாங்கிக்கொள்வார்கள், திரும்பும்போது கோணியும் தூக்கி வருவார்கள், வந்ததும் மூட்டை அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் போவார்கள். அவர்களிடம் முன்னாலேயே பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார் மனிதர்.

மண் லாரிகளைக் கழுவி ஆட்களை ஏற்றிக்கொண்டு தேக்காவுக்குப் போனோம். அந்த மாலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். மண்வெட்டியும் கையுமாகவே நான் பார்த்திருந்தவர்கள் சேலைக்கடையில் நின்று எந்த நிறம் பெண்டாட்டிக்கு எடுக்கும் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

காதர் பாய் கடைதான் அந்த வரிசையில் பெரியது. எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அவர் கடையிலிருந்துதான் வரும். என் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கோணி எதற்கு என்றார். அணையில் சேறு தடுக்க என்றேன்.

"ஏந்தம்பி, கவர்மெண்டு அணைக்கு என் கோணிதான் முட்டா? நல்லா இருக்கு போ. எடுத்துக்க லா. உதறி எடுத்துக்க, மூலையில எல்லாம் சாமான் ஒட்டிக்கிட்டிருக்கும்."

யாரும் உதறவில்லை. ஒரு கையில் துணிப் பொட்டலம், தலையில் கோணிக்கட்டு, வாயில் வெற்றிலை. எதை வைத்து உதறுவது? மற்றக் கடைக்காரர்களும் பாய் கொடுத்துவிட்டாரே என்று கொடுத்தார்கள். லாரிகள் திரும்பியபோது வடக்கே போகும் சாலை முழுக்க மல்லி வாசம்.

சொன்னபடியே அடுக்கிக் கொடுத்தார்கள். கோணியில் மணலும் மண்ணும் நிரப்பி, வாய் தைத்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் படிப்படியாக வைத்தார்கள். ஆசோ கீழேயிருந்து ஏறி வந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார், ஒரு மூட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார், இறங்கிப் போனார். தவுக்கேயின் இரண்டு புல்டோசர்களையும் மண் எடுத்த பெரிய பள்ளத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் விடுப்பில் போனார்கள்.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, இட்லியில் கை வைத்தேன். வானம் பொத்துக்கொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் அம்மா பேசியது காதில் விழவில்லை. நான் எழுந்து கை கழுவியதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக எங்கே கிளம்புகிறாய், மண்ணைப் பார்க்கத்தானே, மண் எங்கேயாவது ஓடியா போகும் என்றார். ஓடத்தான் போகிறதென்று சொன்னேன். அம்மா முறுக்கு டின்னைக் கையில் திணித்தார், கோபத்தோடு.

பஸ்ஸைப் பிடித்து, மீதி வழி நடந்து போனால், குன்றடியில் எனக்கு முன்னாலேயே பக்கிரிசாமி அண்ணன் நிற்கிறார். கூடவே லைனில், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகளில், குடியிருக்கும் சில ஆட்கள். எல்லோரும் புது வேட்டியில், முழங்கால் வரை சேற்றில். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நாங்க அடுக்குன மூட்டை நிக்குதான்னு பார்க்க வந்தோம் என்றார் அண்ணன், கொஞ்சம் வெட்கத்தோடு. அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

மூட்டைகள் நின்றன. பின்னால் சிவப்புத் தண்ணீர் தேங்கி, வழிந்து, புதருக்குள் போய் ஓடையில் சேரும்போது டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஒரே ஒரு வாய்க்கால்தான் மோசம். எல்லாவற்றிலும் பெரியது. வரிசை முன்பக்கம் பிதுங்க ஆரம்பித்துவிட்டது. அது போனால் தேங்கிய சேறு அத்தனையும் ஒரே பாய்ச்சலாகக் குளங்களுக்குப் போகும். மழை விடுகிற மாதிரி இல்லை. கீழே ஆசோ தலையில் ஓலைத் தொப்பியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மழையிலும் அந்த முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழி ஒன்று இருந்தது. வாய்க்காலுக்குப் பக்கத்தில் தவுக்கேயின் லாரிப் பாதை. அதைக் குறுக்கே வெட்டிவிட்டால் தண்ணீர் மறுபக்கம் திரும்பி மண் எடுத்த பள்ளத்தில் போய் விழும். பள்ளத்தில்தான் புல்டோசர்கள் நிற்கின்றன. மேலே ஏற்றிவிடலாமென்றால், ஓட்டுகிற தம்பி தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு எல்லை தாண்டி ஈப்போ போயிருக்கிறான். சாவி அவனோடு ஈப்போவில்.

புல்டோசர் தவுக்கேயுடையது. பாதை தவுக்கேயுடையது. என் வேலை நிரந்தரமில்லை. கேட்பதற்குப் பெரிய இன்ஜினியர் இல்லை. அவர் கேள்வி மட்டும் இருந்தது. அதற்குப் பதில் ஓலைத் தொப்பியோடு எதிரே நின்றது.

"பாதையை வெட்டுங்கண்ணே" என்றேன்.

"தவுக்கே கத்துவாரு தம்பி."

"கத்தட்டும். மிஷினை அப்புறமாக் கழுவிக்கலாம்ணே. குளத்தைக் கழுவ முடியாது."

அண்ணன் மண்வெட்டியை எடுத்தார். எல்லோரும் பாய்ந்து வெட்டினார்கள். நானும் வெட்டினேன், என் வெட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குள் ஆசோ தன் மண்வெட்டியோடு ஏறி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். பாதை உடைந்து தண்ணீர் திரும்பியதும் அழுத்தம் குறைந்து மூட்டை வரிசை அசையாமல் நின்றது. பள்ளத்தில் புல்டோசர்கள் எருமைகள் மாதிரி கழுத்தளவு தண்ணீரில் அமைதியாக நின்றன. மழை தணிந்தபின் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கு டின்னைத் திறந்தோம். ஆசோ ஒன்று தின்று பார்த்து, இன்னும் இரண்டு எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அது போன்ற ஒரு தீபாவளி எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

அடுத்து நடந்தது அவ்வளவு இனிப்பாக இல்லை. தவுக்கே வந்தார், பார்த்தார், நேராகத் தலைமை அலுவலகம் போனார். என்னைக் கூப்பிட்டு, பெரிய இன்ஜினியர் திரும்பி வந்து விசாரிக்கும் வரை குன்றுப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். ஒரு மூலையில் மேசை போட்டு, பழைய வரைபடங்களுக்குத் தூசு தட்டும் வேலை கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் சுத்தமான சட்டையோடு வீடு திரும்பும் மகனைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டார், அதுதான் வேதனை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிப் பெரிய இன்ஜினியர் திரும்பினார். வந்த அன்றே என்னையும் தவுக்கேயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குன்றுக்குப் போனார். வண்டியை விட்டு இறங்கியதும் நான் திகைத்துப் போனேன். மூட்டைகளைக் காணோம். வாய்க்காலுக்கு வாய்க்கால் பச்சைப் பசேலென்று ஏதோ வளர்ந்து நிற்கிறது.

பெரிய இன்ஜினியர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தார். மறுபடி மோந்தார்.

"இது வெந்தயமெல்லோ?"

வெந்தயம் மட்டுமில்லை. உதறாத கோணியின் மூலை முடுக்கில் ஒட்டியிருந்ததெல்லாம் மழையில் முளைத்திருந்தது. கடுகு, பச்சைப் பயறு, கொத்தமல்லி. காதர் பாயின் கடை முழுவதும் குன்றில் குடியேறியிருந்தது. வேர்கள் கோணியைத் துளைத்து ஒன்றோடொன்று பின்னி, கோணி மக்கிய இடத்தில்கூட மண் சரியாமல் நின்றது. பக்கிரிசாமி அண்ணன் ஓடி வந்து, ஒரு மாசமா லைன்ல எங்களுக்குக் கீரைக் குழம்புதான் சார் என்று ஒப்புக்கொண்டார்.

தவுக்கே விடவில்லை. பள்ளத்தைக் காட்டி, பாதையைக் காட்டி, புல்டோசரை வெளியே இழுத்த பாட்டைச் சொன்னார். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து ஓட வைத்திருந்தார்கள். ஆனாலும் அவர் பட்ட சிரமம் பொய்யில்லை. பெரிய இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கீழ ஆர் இருக்கினம்?"

இந்த முறை நான் வரைபடத்தைத் தேடவில்லை. லிம் ஆசோ இருக்கிறார், ஓடைத்தண்ணீரை நம்பி அவர் குளங்கள் இருக்கின்றன, சீனப் புத்தாண்டுக்கு விற்கிற மீன் இருக்கிறது, குரைக்கிற ஒரு நாயும் இருக்கிறது என்றேன்.

"மீன் இருக்குதோ?"

"இருக்கு சார். ஒண்ணும் சாகல."

பெரிய இன்ஜினியர் தவுக்கேயிடம் இங்கிலீஷில், மேலே வேலை செய்கிறவர்மீது கொஞ்சம் சேறு பட்டால் பரவாயில்லை என்றார். இனி அந்தப் பள்ளத்தைச் சேறு படியும் குளமாகவே வைத்துக்கொள்வோம், மண்ணை வேறு பக்கம் எடுக்கலாம், புல்டோசரை மேட்டில் நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார். என்னிடம், வெந்தயம் சீக்கிரம் பட்டுப்போகும், அதற்குள் இடையில் மாட்டுப்புல் நட்டுவிட வேண்டும் என்றார். பாராட்டு அவ்வளவுதான். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

தவுக்கே சமாதானமானாரா என்று கேட்பீர்கள். ஜீப்புக்குத் திரும்பும்போது அவர் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்து கொத்தமல்லியை வேரோடு பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். கஞ்சிக்கு நன்றாக இருக்கும் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் ஆசோ தேக்கா சந்தைக்கு மீன் விற்க வந்தார். விற்று முடித்து, யார் யாரையோ விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்தால் அம்மா கூடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னுக்குள் இரண்டு கொழுத்த கெண்டை மீன்கள், உயிரோடு.

நாங்கள் சைவக் குடும்பம். வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அம்மா சந்தை மலாயில் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆசோவோ, உங்கள் மகன் காப்பாற்றிய மீன் இது, உங்களுக்கில்லாமல் யாருக்கு என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதற்கப்புறம் அம்மாவால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கொல்லவும் முடியாது. நீர்த்தேக்கத்தில் விட்டுவிடேன் என்றார் என்னிடம். அந்த நீரில் இல்லாத மீனைக் கொண்டுபோய் விடுவது தப்பு, அதுவும் அந்த வேலையில் இருக்கிற நானே செய்வது பெரிய தப்பு என்றேன். குளியலறையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. மீன்கள் அதில் குடியேறின. நாங்கள் வாளியில் குளித்தோம். காதர் பாய் அரிசி கொண்டுவரும்போதெல்லாம் தொட்டியை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அம்மா கதவைச் சாத்திவிடுவார்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாது, ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இந்தக் குழாயில் வருவது எங்கள் அணைத் தண்ணீர்தான் என்றும் சொன்னேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு அதுவரை பிடிபட்டதில்லை. யாராவது கேட்டால், அரசாங்கத்தில் மண் அள்ளுகிறான் என்பார்.

அந்த வருஷத்தின் கடைசி மழையில் ஒரு நாள் முழுக்கக் குன்றில் நின்றுவிட்டு, உச்சி முதல் பாதம் வரை சேறாக வீடு திரும்பினேன். திட்டு விழப்போகிறது என்று வாசலிலேயே சட்டையைக் கழற்றினேன். அம்மா திட்டவில்லை. கையைப் பிடித்துத் தொட்டிக்கு அழைத்துப்போனார். மதியம்தான் புதுத் தண்ணீர் மாற்றியிருந்தார்.

"உள்ள பாரு. மீன் தெரியுதா?"

அடித்தரை வரை தெரிந்தது. இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து எங்களைப் பார்த்தன.

"தெரியுதும்மா."

"அப்ப இன்னிக்கும் வேலையை ஒழுங்காத்தான் பார்த்திருக்க" என்றார் அம்மா. "குளிச்சிட்டு சாப்பிட வா."